ஓட்டு அங்கே, அடி இங்கே

2025 ஆகஸ்ட் 27, காலை 9 மணி 31 நிமிடம். வாஷிங்டனில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். அந்த நிமிடத்துக்கு முன்னால் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்குள் அமெரிக்கச் சுங்கத்தைக் கடந்துவிடும் இந்தியச் சரக்குக்குப் புதிதாக வந்த 25 விழுக்காடு வரி கிடையாது என்றது அமெரிக்க ஆணை. அதற்குப் பின் ஏறியவற்றில், விலக்குப் பட்டியலில் இல்லாத சரக்குக்கெல்லாம் ஆகஸ்ட் 7 முதல் இருந்த 25ஐயும் சேர்த்து 50 விழுக்காடு ஆனது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குக் கன்டெய்னர் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஏறிய பெரும்பாலான சரக்குக்கு இந்தச் சலுகை காகிதத்தோடு நின்றது.

நாட்றாம்பாளையம் எந்தத் துறைமுகத்துக்கும் பக்கத்தில் இல்லை. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில், காட்டை ஒட்டி, வானம் பார்த்த பூமியில் ராகியும் கொள்ளும் விளைவிக்கும் ஊர். ஆனால் இந்த மலைக் கிராமங்களின் மாதாந்திர வரும்படி இப்போது ராகியை நம்பி இல்லை. ஓசூர் சிப்காட்டில் சி.என்.சி. மெஷினில் நிற்கும் பையனும், செல்போன் உறுப்புகள் செய்யும் ஆலையில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணும், எல்லை தாண்டி அத்திப்பள்ளி, ஜிகனி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் அனுப்பும் பணம்தான் வீட்டை நடத்துகிறது. கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பாறைகளில் வெட்டிய கிரானைட் மெருகேறி அமெரிக்கச் சமையலறை மேடையாகிறது. தோத்தாபுரி மாம்பழம் கூழாகி டின்னில் கடல் கடக்கிறது. ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது ஓ.டி.; அடுத்துக் காண்ட்ராக்ட் ஆட்கள்; அதற்கும் பிறகுதான் மற்றவர்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வரிசையில் இருக்கிறவர்கள்.

இவர்கள் யாருக்கும் அமெரிக்கத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஆனால் அந்தத் தேர்தலில் நிற்கிற ஒருவர் வணிகத்தைப் பற்றிச் சொல்வதில் எது நடக்கும், எது நடக்காது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டிய தேவை, ஓஹையோவில் ஓட்டுப் போடுகிறவருக்கு இருப்பதைவிட இங்கே குறைவில்லை. 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் இருந்த கணக்கு இது: இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் 20 விழுக்காடு அமெரிக்காவுக்குப் போகிறது, தமிழ்நாட்டின் 52.1 பில்லியன் டாலர் ஏற்றுமதியிலோ 31 விழுக்காடு.

2024இல் டொனால்ட் டிரம்ப் எதையும் மறைக்கவில்லை. எல்லா நாட்டுச் சரக்குக்கும் 10 முதல் 20 விழுக்காடு வரி, சீனச் சரக்குக்கு 60 என்று மேடைக்கு மேடை பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் பேசும்போது வரி விஷயத்தில் இந்தியாவைப் பெயர் சொல்லியே குற்றம் சாட்டினார். அதே மூச்சில் மோடியைப் புகழவும் செய்தார். இங்கே பலர் காதில் விழுந்தது புகழ்ச்சி மட்டும். 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் அரங்கில் இருவரும் கைகோத்து நடந்ததையும், 2020 பிப்ரவரியில் அகமதாபாத் மைதானத்தில் கூடிய கூட்டத்தையும் நினைவில் வைத்திருந்தவர்கள், ஹூஸ்டனுக்கு மூன்று மாதம் முன்புதான், 2019 ஜூன் 5ஆம் தேதி, அதே டிரம்ப் இந்தியாவுக்கு இருந்த பொது விருப்பச் சலுகை என்ற இறக்குமதி வரிச் சலுகையை நீக்கினார் என்பதை மறந்துபோனார்கள். ஒரு வேட்பாளரின் நட்பை வைத்து அவருடைய வணிகக் கொள்கையை எடைபோட்டது முதல் பிழை. தேர்தல் பேச்சுதானே என்று தள்ளியது இரண்டாவது.

வேட்பாளர் மனதார நம்பித்தான் பேசுகிறாரா என்ற கேள்விக்கு வெளியிலிருந்து விடை காண முடியாது. விடை காணக்கூடிய கேள்விகள் வேறு. அவர் சொல்வதைப் பிறர் கையெழுத்து இல்லாமல் தனியாகச் செய்யச் சட்டம் இடம் தருகிறதா? செய்தால் அவர் பக்கத்து ஆட்களில் யாருக்குக் கை சுடும்? கை சுட்டபோது முன்பு என்ன செய்தார்? இந்த மூன்றுக்கும் விடை பொதுவெளியில் கிடக்கிறது. அமெரிக்க நண்பர் எவரும் தேவையில்லை. ஓசூரில் உட்கார்ந்தே படிக்கலாம்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் கவனிக்கப்படாதது அதுதான். அமெரிக்க அரசியல் சாசனம் இறக்குமதி வரி போடும் அதிகாரத்தை நாடாளுமன்றமான காங்கிரசுக்கே தந்திருக்கிறது. 1930இல் காங்கிரஸ் தானே பட்டியல் போட்டு ஏராளமான பொருள்களுக்கு வரியை உயர்த்தியது. உலக மந்தநிலை மேலும் மோசமானது. 1934 முதல் அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிபருக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தின் 232ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி வரி போட அனுமதிக்கிறது. 1974 வணிகச் சட்டத்தின் 301ஆம் பிரிவு, பிற நாட்டின் நியாயமற்ற நடைமுறைக்குப் பதிலடியாக வரி போட அனுமதிக்கிறது. 1977இல் வந்த அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தில் வரி என்ற சொல்லே இல்லை என்றாலும், 2025இல் டிரம்ப் உலகம் முழுவதற்கும் வரி போட எடுத்துக்கொண்டது அதைத்தான்.

இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். வரியைக் கூட்டுவதற்கு அதிபருக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. பிற நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு நிரந்தரமாகக் குறைப்பதற்கோ காங்கிரஸ் வாக்களிக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் திருத்தம் கேட்காமல் ஏற்பதா மறுப்பதா என்று மட்டும் காங்கிரசை வாக்களிக்க வைக்கும் விரைவுப் பாதை அதிகாரமும் 2021 ஜூலை 1ஆம் தேதி காலாவதியாகிவிட்டது. ஆகவே வரி கூட்டுவேன் என்று சொல்லும் அமெரிக்க வேட்பாளரை நம்ப வேண்டும். குறைப்பேன், ஒப்பந்தம் போடுவேன் என்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் சொல்லில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும்.

இதற்குச் சாட்சி கட்சி பேதமில்லாமல் கிடைக்கிறது. ஒபாமா 12 நாடுகளின் பசிபிக் ஒப்பந்தத்தைப் பல ஆண்டுகள் பேசி, 2016 பிப்ரவரியில் கையெழுத்திட வைத்தார். காங்கிரசில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. டிரம்ப் 2017 ஜனவரி 23ஆம் தேதி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அதிலிருந்து விலகினார். சீனா மீதான டிரம்ப் வரிகளை 2019 பிரசாரத்தில் கண்டித்த ஜோ பைடன், பதவிக்கு வந்தபின் அவற்றை வைத்துக்கொண்டார். 2024 மே மாதம் சீன மின்சாரக் கார்களுக்கு வரியை 100 விழுக்காடாக உயர்த்தவும் செய்தார்.

சட்டம் இடம் கொடுத்தும் நடக்காத வாக்குறுதிகளும் உண்டு. 2008 பிப்ரவரியில் கிளீவ்லாந்தில் நடந்த விவாதத்தில், வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்திலிருந்து விலகுவோம் என்று மிரட்டியாவது அதைத் திருத்துவோம் என ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் சொன்னார்கள். அதே நாள்களில் ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் சிகாகோவில் உள்ள கனடா துணைத் தூதரகத்தில், இதை அரசியல் நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் பேசியதாகத் தூதரகக் குறிப்பு ஒன்று வெளியாகிச் சங்கடமானது. ஒபாமா ஆட்சி முழுதும் ஒப்பந்தம் அப்படியே இருந்தது. விலகினால் அடிபடுவது, எல்லைக்கு இருபுறமும் உதிரிபாகம் கொடுத்து வாங்கும் மிச்சிகன், ஓஹையோ கார் தொழில். அது அவர் கட்சிக்கே ஓட்டுப் போடும் தொழிலாளர்களின் பிழைப்பு. 2002 மார்ச்சில் ஜார்ஜ் புஷ் எஃகுக்கு 30 விழுக்காடு வரை வரி போட்டதும், உலக வணிக அமைப்பின் தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பா ஃபுளோரிடா ஆரஞ்சுக்குப் பதில்வரி போடத் தயாரானபோது 2003 டிசம்பரில் நீக்கியதும் இதே கணக்குத்தான். கை சுடுகிறவர் யார், அவருக்கு வாஷிங்டனில் குரல் உண்டா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதை ஓசூர்ப் பக்கமே வைத்துச் சோதிக்கலாம். திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கான உறைகளைச் செய்கிறது. பல ஆயிரம் பேர், பெரும்பாலும் இளம்பெண்கள், வேலை செய்யும் ஆலை. 2025 ஏப்ரல் 2ஆம் தேதி வந்த அறிவிப்பு எல்லாப் பொருளையும் ஒன்றாகக் கட்டியது போலத் தோன்றியது. ஒன்பதே நாளில், ஏப்ரல் 11 இரவு, ஸ்மார்ட்போனும் கணினியும் விலக்குப் பட்டியலில் ஏறின. மே மாதம் தோஹாவில் டிரம்ப், ஆப்பிள் இந்தியாவில் ஆலை கட்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று டிம் குக்கிடம் சொன்னதாகப் பேசினார். அடுத்த வாரம் ஐபோனுக்கு 25 விழுக்காடு வரி என்று மிரட்டினார். அந்த வரி வரவில்லை. ஆகஸ்ட் 6ஆம் தேதி டிம் குக் வெள்ளை மாளிகையில் நின்று அமெரிக்காவில் மேலும் 100 பில்லியன் டாலர் முதலீடு செய்வதாக அறிவித்தார். அதே நாள்தான் இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காகக் கூடுதல் 25 விழுக்காடு போடும் ஆணையும் கையெழுத்தானது. அப்போதும் போன் விலக்கில்தான் இருந்தது.

அந்த ஆலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் வெட்டிய கல்லுக்கு என்ன ஆயிற்று? மெருகேற்றிய கிரானைட் பலகை முழு 50இல் மாட்டியது. சுங்க வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். ஆனால் கட்டியவுடன் அவர் அனுப்பும் மின்னஞ்சல் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் வரும். வாங்குகிறவர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை எல்லாச் செலவும் ஏற்றுமதியாளர் தலையில் என்ற டி.டி.பி. முறையில் ஒப்புக்கொண்டவர்கள் நிலை இன்னும் மோசம். வரியையும் அவர்களே கட்ட வேண்டும். அமெரிக்காவில் கிரானைட் வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கும் சின்னக் கடைக்காரர்கள். வெள்ளை மாளிகையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. பிரேசில், இத்தாலிக் கல்லும் சந்தையில் கிடைக்கும். ஐபோனுக்கு மாற்று உடனே கிடைக்காது. வரி ஏறினால் ஓட்டுப் போடுகிறவர் கையில் இருக்கும் பொருளின் விலையே ஏறும். ஒரே வட்டாரத்து இரண்டு பொருள்களுக்கு ஒரே அதிபரின் வாக்குறுதி இரண்டு விதமாக நடந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நவம்பர் 14ஆம் தேதி காபி, தேயிலை, வாழைப்பழம், மாம்பழம் உள்ளிட்ட வெப்பமண்டலப் பழங்கள், பழச்சாறுகள், மசாலாப் பொருள்கள் ஆகியவற்றுக்கு வரி விலக்கு வந்ததற்கும் அமெரிக்க மளிகைக் கடை விலைவாசிதான் காரணம்.

வார்ப்பு, ஃபோர்ஜிங், மெஷினிங் பட்டறைகளின் கதை தனி. எஃகு, அலுமினியத்துக்கு மார்ச் 12 முதல் 25, ஜூன் 4 முதல் 50. கார் உதிரிபாகங்களுக்கு மே 3 முதல் 25. இவை 232ஆம் பிரிவில் வந்தவை. அவசரகாலச் சட்டத்தில் போட்ட வரிகளை 2025 மே 28ஆம் தேதி அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் செல்லாது என்றது. ஆகஸ்ட் 29ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்ற கணக்கில் அதை ஆமோதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 232க்கு இந்தத் தலைவலி இல்லை. ஆகவே ஓசூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் அதிபர் பேச்சை வாசிக்கும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் எந்தச் சட்டப்பிரிவு என்று பார்க்க வேண்டும். பிரிவு மாறினால் வரியின் ஆயுள் மாறுகிறது.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பகத்தன்மை சோதனைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வேட்பாளர் டிரம்ப் சொன்னது பதிலுக்குப் பதில்: நீ எவ்வளவு வரி போடுகிறாயோ அவ்வளவு நானும். ஏப்ரல் 2ஆம் தேதி அவர் தூக்கிப் பிடித்த அட்டையில் இந்தியா அமெரிக்காவுக்குப் போடும் வரி 52 என்று இருந்தது. இந்தியாவின் எந்தச் சுங்க அட்டவணையிலிருந்தும் அந்த எண் வரவில்லை. 2024இல் அமெரிக்கா இந்தியாவிடம் வாங்கிய சரக்கு சுமார் 87.4 பில்லியன் டாலர். விற்றது போக இருந்த பற்றாக்குறை சுமார் 45.7 பில்லியன். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 52 விழுக்காடு, பாதியாக்கினால் 26. அதுதான் இந்தியாவுக்கு அறிவித்த வரி. இலங்கைக்கு 88, பாதி 44.

இந்தக் கணக்கில் இந்தியா உண்மையில் போடும் வரிக்கு இடமே இல்லை. டிரம்ப் ஆண்டுக்கணக்கில் குறை சொன்ன ஹார்லி டேவிட்சன் பைக் வரியை இந்தியா 2018இல் 50 விழுக்காடாகக் குறைத்தது. 2025 பட்ஜெட்டில் மேலும் குறைத்தது. அந்தச் சலுகையால் 26 என்ற எண் ஒரு புள்ளி கூட இறங்கவில்லை. (ஓசூரில் டி.வி.எஸ். ஆலையில் பி.எம்.டபிள்யூ.வின் 310 சிசி பைக்குகள் உருவாகி அமெரிக்கா வரை விற்பனைக்குப் போயின என்பது அந்தப் பேச்சுகளில் ஒருநாளும் வரவில்லை.) வாக்குறுதியின் பெயர் நிறைவேறியது, உள்ளடக்கம் வேறொன்றாக இருந்தது. வரி போடுவதில் அவர் நம்பத்தக்கவர். வரிக்கு அவர் சொல்லும் காரணத்தில் நம்பத்தக்கவர் அல்லர். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சலுகை கொடுத்து வரியைத் தடுக்கலாம் என்று நம்பியதற்கு விலை கொடுத்திருக்கிறோம்.

வரி போடுவதில் அவரை நம்பியிருக்கலாம் என்பதற்கு மிகப் பழைய சான்று 1987இல் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில், அரசியல் பதவி எதிலும் இல்லாத நிலையில், ஜப்பானும் பிறரும் அமெரிக்காவைச் சுரண்டுவதாகத் தன் காசில் பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தவர் அவர். கருக்கலைப்பு முதல் கட்சி வரை பலவற்றில் நிலை மாறிய மனிதர் இந்த ஒன்றில் மட்டும் ஏறத்தாழ நாற்பது ஆண்டாக மாறவில்லை. ஓட்டுக்காக எடுத்த நிலைப்பாட்டுக்கும், ஓட்டு தேவைப்படாத காலத்திலேயே இருந்த நிலைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இது. ஹிலாரி கிளின்டன் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 2012இல், பசிபிக் ஒப்பந்தத்தை உயர்வாகப் பேசி, வேட்பாளரானபின் 2015 அக்டோபரில் எதிர்த்தாரே, அதோடு ஒப்பிட்டால் புரியும்.

அமெரிக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது ஓசூருக்குப் போதாது. இங்கே செய்யும் இருசக்கர வாகனங்களும் லாரிகளும் அதிகம் போவது ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் அண்டை நாடுகளுக்கும். நைஜீரியாவில் 2023 மே 29ஆம் தேதி பதவியேற்ற போலா டினுபு, நாணய மாற்று விகிதங்களை ஒன்றாக்க வேண்டும் என்று பதவியேற்பு உரையிலேயே சொன்னார். இரண்டு வாரத்தில் நைரா மிதக்க விடப்பட்டது. டாலருக்கு 470க்குள் இருந்தது ஓராண்டுக்குள் 1,500ஐத் தாண்டியது. இந்திய பைக் வாங்கிய நைஜீரிய வாடகை ஓட்டியால் அந்த விலை கொடுக்க முடியவில்லை. இறக்குமதி வரியைப் பற்றி ஒரு சொல் இல்லாமலே ஒரு சந்தை சுருங்கியது.

இலங்கையின் பாடம் இதைவிட ஆழமானது. 2019 நவம்பர் தேர்தலில் கோத்தபய ராஜபக்ச கொடுத்த வாக்குறுதிகளில் மதிப்புக்கூட்டு வரிக் குறைப்பு முக்கியமானது. சொன்னபடியே டிசம்பர் முதல் தேதியிலிருந்து 15ஐ 8 ஆக்கினார். அரசின் வரவு சரிந்தது. கடன் தர நிர்ணய நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்தன. வெளியே கடன் வாங்கும் வழி அடைபட்டது. கொரோனாவில் சுற்றுலா வருமானமும் போயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. அந்தத் தடை முழுதாகத் தளர 2025 பிப்ரவரி வரை ஆனது. ஐந்தாண்டு காலம் இந்திய வாகனத் தொழிலுக்கு ஒரு பழைய சந்தை மூடிக்கிடந்தது. வாகன இறக்குமதியைத் தடுப்பேன் என்று அவர் எங்கும் பிரசாரம் செய்யவில்லை. இறக்குமதித் தடை ஒளிந்திருந்த இடம் உள்நாட்டு வரியைப் பற்றிய பக்கம். இயற்கை வேளாண்மைக்குப் பத்தாண்டில் மாறுவோம் என்ற அதே தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி, 2021 மே மாதம் ஒரே வீச்சில் ரசாயன உர இறக்குமதித் தடையானது இன்னொரு கதை. அங்கே கொள்கை மாறவில்லை, வேகம்தான் மாறியது, நெல், தேயிலை விளைச்சல் சரிந்தது.

அதனால் 2024 செப்டம்பரில் அனுர குமார திசாநாயக்க வென்றபோது, ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தைத் திருத்துவேன் என்ற அவர் பேச்சை எண்ணிப் பலர் பயந்தார்கள். மூன்று கேள்விகளையும் போட்டுப் பார்த்திருந்தால் பயம் குறைந்திருக்கும். அவர் கையில் டாலர் தாராளமாக இல்லை. கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் பாதிவழியில் இருந்தது. முறித்தால் முதலில் வரிசையில் நிற்பது அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். திட்டம் தொடர்ந்தது. அவர் ஆட்சியில்தான் வாகன இறக்குமதியும் திறந்தது.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் பிடிக்காது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியாவுக்கு 25 விழுக்காடு வரும் என்று 2024இல் எந்த உரையையும் படித்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவசரகாலச் சட்டத்தை அவர் எடுத்தால் எந்தக் காரணத்தையும் அதற்குள் போடலாம் என்ற அளவுக்கு மட்டுமே எச்சரிக்கை கிடைத்திருக்கும். ஆனால் அந்த எச்சரிக்கையே பெரிது. டி.டி.பி. ஒப்பந்தத்தைத் தவிர்த்திருக்கலாம், ஒரே நாட்டு ஆர்டரை நம்பிப் புது மெஷின் வாங்குவதைத் தள்ளிப்போட்டிருக்கலாம்.

வணிகத் தடை ஒரு ஊரை என்ன செய்யும் என்பதற்குக் கடல் தாண்டிப் போகவும் வேண்டாம். 2025 ஜூனில் தோத்தாபுரி விலை விழுந்தபோது ஆந்திராவின் சித்தூர் மாவட்டம் வெளிமாநில மாங்காய் வண்டிகளைத் தடுத்தது. கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி விவசாயிக்கு அந்த வாரம் சித்தூர்ச் சோதனைச் சாவடியும் ஒரு வெளிநாட்டு எல்லைதான்.

அடுத்த அமெரிக்க அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7. இன்று ஓசூரில் ஃபோர்ஜிங் பட்டறைக்கு மெஷின் வாங்கிப் போடும் கடனின் தவணை அந்தத் தேதியைத் தாண்டித்தான் முடியும். இரு கட்சியிலும் யாராவது ஒருவர் இந்த வரிகளை நீக்குவேன் என்று நிச்சயம் பேசுவார். 2018இல் டிரம்ப் போட்ட எஃகு வரியைப் பைடன் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் ஒதுக்கீட்டு அளவாக மாற்றினார். இந்தியாவுக்கு 2023 ஜூனில் கிடைத்தது, விண்ணப்பித்து விலக்குப் பெறும் வழியில் கொஞ்சம் தாராளம் மட்டுமே. அதற்கு ஈடாக அமெரிக்க ஆப்பிள், பாதாம், வால்நட் மீதான பதில்வரியை இந்தியா கைவிட்டது. 232ஆம் பிரிவில் இந்தியாவுக்கு ஏறிய வரி ஆள் மாறியதால் இறங்கவில்லை. ஓசூர்ச் சிறுதொழில் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அந்தத் தேர்தலுக்கு முன் ஒரு குறிப்பு தயாரிக்கலாம்: பொருள்வாரியாக, எந்தப் பிரிவில் வரி, அமெரிக்காவில் அதை வாங்குகிறவர் யார், அவருக்கு அங்கே குரல் உண்டா. அதுவரை வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில், வரி குறையும் என்ற வேட்பாளர் பேச்சுக்குப் பூஜ்யம் போட்டுத்தான் வருமானக் கணக்கு எழுத வேண்டும்.